மூன்றாம் மிதவை மேடைத் தண்ணீரில் மின்சாரம்

அனுப்புநர்:
வசந்தாமணி வெள்ளியங்கிரி,
படகு எண் 14, மூன்றாம் மிதவை மேடை,
கிரே ஹெரன் படகுத்துறை,
டெல்டா நீர்வழி, கலிபோர்னியா.

பெறுநர்:
உயர்திரு ஆய்வாளர் அவர்கள்,
படகுத்துறைகள் பாதுகாப்புப் பிரிவு,
கவுண்டி நிர்வாக அலுவலகம்.

பொருள்: படகுத்துறையின் பழுதான மின்கம்பிகளால் தண்ணீரில் மின்சாரம் கசிவது – என் கணவர் உயிர் பிழைத்தது – அவரைக் காப்பாற்ற மின்சாரத்தை நிறுத்தியதற்காக எங்களை வெளியேறச் சொல்லும் அறிவிப்பு – உடனடி ஆய்வு கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. மேலாளருக்கு நான் எழுதிய கடிதங்கள், நாள் 24.02.2025, 17.03.2025, 02.05.2025.
2. மேலாளரின் வெளியேற்ற அறிவிப்பு, நாள் 11.06.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவைத் தமிழில் எழுதுவதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆங்கிலம் தெரியும். கோயம்புத்தூரில் மின்னியல் டிப்ளமோ படித்துவிட்டு இங்கு வந்து, லிவர்மோரில் பம்புகளைப் பரிசோதிக்கும் நிறுவனம் ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகள் ஆங்கிலத்தில்தான் அறிக்கை எழுதினேன். படகுத்துறை மேலாளர் திரு. ஹால்வர்சனுக்கு எழுதிய மூன்று கடிதங்களும் ஆங்கிலம்தான். பயன் ஒன்றும் இல்லை. எந்த மொழியிலும் புகார் தரலாம், மொழிபெயர்ப்பது எங்கள் பொறுப்பு என்று தங்கள் அலுவலக இணையதளம் சொல்கிறது. இனி எழுதப்போவதைப் பொறுமை இழக்காமல் எழுத எனக்கு என் மொழி தேவைப்படுகிறது.

2. என் கணவர் வெள்ளியங்கிரி சான் ரமோனில் கணினி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் ஒடுக்கமான நீளப் படகுகளைக் காணொளிகளில் பார்த்துப் பார்த்து, அப்படி ஒன்றில்தான் மிச்ச வாழ்க்கை என்று முடிவெடுத்தார். முடிவெடுத்த பிறகுதான் என்னிடம் சொன்னார். டெல்டாவில் ஒரு வெல்டர் தன் ஆசைக்காக அதே மாதிரியில் கட்டிய இரும்புப் படகு ஒன்று விற்பனைக்கு வந்தது. நாற்பது அடி நீளம், ஏழடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். ஒருவர் சமையல் செய்தால் மற்றவர் படுத்துக்கொள்ள வேண்டும், நிற்க இடம் கிடையாது. சான் ரமோனுக்குப் பக்கத்து ஊரான டப்ளினில் இருந்த வீட்டை விட்டு 2022 அக்டோபரில் இதில் குடியேறினோம். கனவு அவருடையது. பராமரிப்பு என்னுடையது.

3. பராமரிப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் என் இரண்டாவது கடிதத்துக்குப் பதிலாக மேலாளர் ‘படகில் குடியிருப்போருக்கு எளிய ஆலோசனைகள்’ என்ற பதினாறு பக்கக் கையேட்டை அனுப்பிவைத்தார். ஆகவே சொல்கிறேன். தினமும் காலையில் காபிக்கு முன்னால் அடித்தளப் பலகையைத் தூக்கி, உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கிறேன். தண்ணீரை வெளியேற்றும் பம்பின் மிதவையை வாரம் ஒருமுறை கையால் தூக்கி, அது ஓடுகிறதா என்று பார்க்கிறேன். இயந்திரத்தின் சுழல்தண்டு படகுக்கு வெளியே போகும் இடத்தில் நிமிடத்துக்கு எத்தனை சொட்டுத் தண்ணீர் கசிகிறது என்று எண்ணுகிறேன். குளிர்காலத்தில் மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, சன்னலை இரண்டு விரற்கடை திறந்தே வைக்கிறோம். சமையல் வாயுவின் குழாயைச் சோப்புத் தண்ணீர் தடவிச் சோதிக்கிறேன். கழிவுத் தொட்டியை நிரம்பும் முன்பே உறிஞ்சி எடுக்கச் சொல்கிறேன். நிரம்பிய பிறகு என்ன நடக்கும் என்பதை முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டோம். கையேட்டின் பதினாறு பக்கங்களில் நான் செய்யாதது ஒன்றே ஒன்று: கடைசிப் பக்கத்தில் உள்ளபடி ‘நிதானமாக மாலைச் சூரியனை ரசிப்பது’.

4. இனி விஷயத்துக்கு வருகிறேன். இரும்புப் படகின் அடியில் ஆனோடு என்ற உலோகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். படகின் இரும்பு அரிக்காமலிருக்க அதற்குப் பதிலாகத் தான் கரைவதே அவற்றின் வேலை. சென்ற ஆகஸ்டில் பொருத்திய புதுக் கட்டிகள், பிப்ரவரியில் படகைக் கரையேற்றிப் பார்த்தபோது ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தன. இரண்டு ஆண்டுகள் வரவேண்டியவை ஆறு மாதம்கூட வரவில்லை. காரணம் தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலில்தான் அரிப்பைவிடப் பெரிய ஆபத்து தெரியவந்தது. என் படகின் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்த பிறகும், கரையிலிருந்து எங்களுக்கு வரும் மின்கம்பியில் கிளாம்ப் மீட்டர் மின்சாரத்தைக் காட்டியது. கம்பியை முழுவதுமாகப் பிடுங்கி எடுத்த பிறகும், படகுகளுக்கு மின்சாரம் தர மேடையில் நட்டிருக்கும் மின்கம்பத்துக்கு அடியில் உள்ள தண்ணீரில் வோல்டேஜ் இருந்தது. அதாவது, கசிவு என் படகில் இல்லை. மேடைக்கு அடியில் ஓடும் பழைய கம்பிகளில் இருக்கிறது.

5. இது நல்ல தண்ணீர் ஓடும் இடம். கடல் நீரைவிட நல்ல தண்ணீரில்தான் மனித உடம்பு வழியாக மின்சாரம் அதிகம் பாயும். அதில் விழுகிறவருக்குத் தசைகள் இறுகிவிடும். நீந்தத் தெரிந்தும் மூழ்கிப்போவார். உடம்பில் காயம் எதுவும் இருக்காது, நீச்சல் தெரியாமல் இறந்தார் என்று எழுதி முடித்துவிடுவார்கள். இவ்வளவையும், மீட்டரின் படங்களோடு, பிப்ரவரி 24 அன்றே மேலாளருக்கு எழுதினேன். கோளாறு உங்கள் படகில்தான் இருக்கும் என்று பதில் வந்தது. மார்ச்சில் மீண்டும் எழுதினேன். கையேடு வந்தது. நான் நேரில் போய் அவர் மேசையருகே நின்ற பிறகு ஓர் ஆளை அனுப்பினார். அவர் மின்கம்பத்தின் மேல் இருந்த விளக்கை மாற்றிவிட்டு, இப்போது நன்றாக எரிகிறது என்று சொல்லிப் போனார். மே மாதக் கடிதத்துக்குப் பதிலே இல்லை.

6. ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. முன்பக்கக் கயிறு தளர்ந்திருந்ததால் என் கணவர் அதை இறுக்கக் குனிந்தவர், ஈரப் பலகையில் கால் வழுக்கி, மின்கம்பத்துக்கு அருகிலேயே தண்ணீரில் விழுந்தார். அவர் பவானிக்காரர், சிறு வயதில் வாய்க்காலில் தலைகீழாகக் குதித்து வளர்ந்தவர். அதனால் சத்தம் கேட்டு வெளியே வந்த நான் முதலில் சிரித்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நான் வீசிய மிதவை வளையம் அவர் மார்பில் பட்டும் அவரால் அதைப் பிடிக்க முடியவில்லை. “வசந்தா, கை வர மாட்டேங்குது” என்றார்.

7. பக்கத்துப் படகின் உரிமையாளர் ஆர்யன் அவரைக் காப்பாற்ற ஓடிவந்து, சட்டையைக் கழற்றிக் குதிக்கத் தயாரானார். முப்பத்தோரு வயது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். அந்த நொடியில் எனக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூட வரவில்லை. “குதிக்காத, தண்ணிக்குள்ள கரண்ட்டு” என்று கத்தினேன். அவர் பலகையின் விளிம்பில் நின்றுவிட்டார். நான் மேடையின் தலைப்பில் உள்ள மின்பெட்டிக்கு ஓடி, திறந்து, மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினேன். திரும்பி வரும்போது என் கணவரின் விரல்கள் அசைவதைப் பார்த்தேன். கொக்கிக் கம்பியால் அவரை ஏணிப் பக்கம் இழுத்து இருவருமாகத் தூக்கினோம். நான் என் மாமனாரின் மரணத்திலும் அழாதவள். அன்று அந்த மேடையில் உட்கார்ந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை, அவரைத் திட்டிக்கொண்டே அழுதேன்.

8. அவருடைய இதயத் துடிப்பு சீராவதற்கு இரண்டு நாள் ஆனது. இடது கையின் இரண்டு விரல்களில் இன்னும் உணர்ச்சி முழுவதும் திரும்பவில்லை. நாங்கள் மருத்துவமனைக்குப் புறப்பட்ட இருபது நிமிடத்துக்குள், தண்ணீரை ஒருவரும் சோதிக்காமலேயே, மேலாளர் மின்சாரத்தைத் திரும்பப் போட்டுவிட்டார் என்று ஆர்யன் சொன்னார்.

9. பிறகு வந்ததுதான் வெளியேற்ற அறிவிப்பு. முப்பது நாளில், அதாவது ஜூலை 11க்குள், படகை எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம். என் மேல் மூன்று குற்றங்கள். அனுமதியின்றி மின்பெட்டியைத் திறந்தேன். பதினொரு படகுகளின் மின்சாரத்தைத் துண்டித்து, ஒருவர் குளிர்பெட்டியில் வைத்திருந்த மீன் கெடக் காரணமானேன். அந்நிய மொழியில் கூச்சலிட்டுச் சக படகுக்காரரை மிரட்டினேன். இவற்றோடு, என் கணவர் உயிர்காப்பு உடை அணியாமலிருந்தது விபத்துக்குக் காரணம் என்று பொது அறிவிப்புப் பலகையில் ஒரு தாளும் ஒட்டப்பட்டது. ஐயா, அவர் உயிர்காப்பு உடை அணிந்திருந்தார். அது அவரை மிதக்க வைத்ததால்தான் நான் இன்று மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆம்புலன்ஸ் ஊழியர் அந்த உடையை வெட்டித்தான் கழற்றினார். வெட்டிய உடையின் படத்தை இணைத்துள்ளேன். என்னால் மிரட்டப்பட்டதாகச் சொல்லப்படும் ஆர்யனின் கையெழுத்திட்ட வாக்குமூலமும் இணைப்பில் உள்ளது. “அவங்க கத்தலைன்னா நான் செத்திருப்பேன்” என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அதை எழுதும் முன் என்னிடம் ஒருமுறை தமிழில், தடுமாறி, சொல்லியும் காட்டினார்.

10. எங்கள் கம்பியை நான் பிடுங்கிவிட்டேன். கூரையில் உள்ள சூரியத் தகடுகளை வைத்துச் சமாளிக்கிறோம். படகைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மனிதர் இப்போது வெளித்தட்டுக்கே வருவதில்லை. மணிக்கு ஒருமுறை, கம்பியை எடுத்தாயிற்றா என்று என்னிடம் கேட்கிறார். படகை விற்றுவிடலாம் என்று முதல் ஆண்டு முழுவதும் மன்றாடியவள் நான். இன்று விற்கலாமா என்று அவர் கேட்டபோது, முடியாது என்றேன். எங்கள் இடத்துக்கு வரும் அடுத்த குடும்பத்துக்குத் தண்ணீரைப் பற்றி யார் சொல்வார்கள்? மேடையில் ‘நீந்தாதீர்கள், மின்சாரம்’ என்று ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் எழுதி ஒரு பலகை கட்டினேன். மறுநாள் காணோம். இன்று காலை ஏழாவது பலகையைக் கட்டியிருக்கிறேன்.

11. எனவே கீழ்க்கண்டவற்றைச் செய்து தரும்படி வேண்டுகிறேன்:

(அ) படகுத்துறையோடு தொடர்பில்லாத, உரிமம் பெற்ற மின் வல்லுநரைக் கொண்டு மூன்றாம் மேடையின் கம்பிகளைச் சோதிக்க வேண்டும். சோதனை முடியும்வரை அந்த மேடைக்கு மின்சாரம் நிறுத்தப்பட வேண்டும்.

(ஆ) கசிவு ஏற்பட்டால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சுகளை எல்லா மின்கம்பங்களிலும் பொருத்த உத்தரவிட வேண்டும்.

(இ) வெளியேற்ற அறிவிப்பை ரத்து செய்யப் பரிந்துரைக்க வேண்டும். மீன் கெட்டுப்போனவரிடம் நான் வருத்தம் தெரிவிக்கத் தயார். மின்பெட்டியைத் திறந்ததற்காக வருத்தம் தெரிவிக்க மாட்டேன்.

(ஈ) உயிர்காப்பு உடை பற்றிய பொய்த் தாளை மேலாளரே தன் கையால் கிழித்தெடுக்க வேண்டும்.

12. ஜூலை 4 சுதந்திர தின விடுமுறைக்கு இன்னும் பத்து நாள்தான் உள்ளது. சென்ற ஆண்டு அந்த வார இறுதியில் இந்த மேடையிலிருந்து தண்ணீரில் குதித்து விளையாடியவர்களை என் சன்னலிலிருந்து எண்ணினேன், இருபத்தாறு பேர். அதற்குள் தாங்கள் வர வேண்டும். கோப்பு மேசைகளைக் கடந்து வர நாளாகும் என்றால், கோப்பை அங்கேயே வைத்துவிட்டுத் தாங்கள் மட்டுமாவது வாருங்கள். எந்த நாள், எந்த நேரம் என்றாலும் நான் மீட்டரோடு மேடையில் நிற்பேன். ஒரே ஒரு வேண்டுகோள்: நான் சொல்லும்வரை தயவுசெய்து தண்ணீரில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) வசந்தாமணி வெள்ளியங்கிரி

இடம்: கிரே ஹெரன் படகுத்துறை
நாள்: 24.06.2025

இணைப்பு: மூன்று கடிதங்களின் நகல், மீட்டர் படங்கள், வெளியேற்ற அறிவிப்பு, ஆர்யனின் வாக்குமூலம், மருத்துவமனைச் சான்று, வெட்டப்பட்ட உயிர்காப்பு உடையின் படம்.