கதவைச் சாத்தும் முன் மூன்று குரல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகும் உன்னைப் பாப்பா என்றுதான் எழுத வருகிறது, மாப்பிள்ளை படித்தால் சிரித்துக்கொள்ளட்டும். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகம்தானே. இங்கே உன் அம்மா முழு சுகம், நான் முக்கால் சுகம். மீதிக் கால் எங்கே போயிற்று என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாமே என்கிறாள் அம்மா. போனில் நீ சொல்லுங்கப்பா என்றதுமே எனக்கு மழை வெயிலைத் தவிர வேறு பேச்சு வருவதில்லை, அது உனக்கும் தெரியும்.

போன வாரம் முழுக்க நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பதறாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை, நான் சொல்வது என் தொண்டு வேலையை. கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவன் வீட்டில் கால் தரிக்காமல் சுற்றிச் சுற்றி வருகிறேன் என்று உன் அம்மாவே பிடித்துத் தள்ளிவிட்ட வேலைதான் அது. சக்கர நாற்காலி தள்ளுவேன், எக்ஸ்ரே அறைக்கு வழி காட்டுவேன், சலவையிலிருந்து வரும் விரிப்புகளை வார்டின் துணி அறையில் அடுக்குவேன். சம்பளமில்லாத வேலைக்கு இஸ்திரி போட்ட சட்டை ஒரு கேடா என்று அம்மா கேட்பாள், ஆனால் இஸ்திரி போட்டுத் தருவதும் அவள்தான். அந்த வேலைக்குத்தான் இப்போது ஆபத்து வந்தது.

என் கதவுப் பைத்தியம் உனக்குத் தெரியும். அப்பா பின்னாலேயே வந்து கதவைச் சாத்திக்கொண்டே போவார் என்று உன் தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாய். நான் வாழ்ந்தது இன்ஜின் அறையில் பாப்பா. கப்பலில் திறந்து கிடக்கும் கதவும் ஓட்டையும் ஒன்றுதான். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் அந்த அறையோடு போகட்டும் என்று இரும்புக் கதவை இழுத்து மூடிக் கைப்பிடிகளை இறுக்கிவிடுவோம். ஆனால் மூடுகிறவனுக்கு ஒரு கடமை உண்டு. தலையை உள்ளே நீட்டி, உள்ளே யாரு என்று மூன்று முறை கத்த வேண்டும், ஸ்பானரால் இரும்பில் தட்ட வேண்டும். உள்ளே இருப்பவன் இருக்கேன் என்று குரல் கொடுக்க வேண்டும். ஒருமுறை பம்பு அறையில் கடல்தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது, கதவில் நான் நிற்கிறேன், மூடு மூடு என்று மேலேயிருந்து உத்தரவு. இரண்டு முறை கத்தியும் சத்தமில்லை. மூன்றாவது குரலுக்கு இருக்கேன் இருக்கேன் என்று ஒட்டகம் ஓடி வந்தான், இடுப்பு வரை நனைந்து, கையில் டீக் குவளையோடு. ஒட்டகம் என்பது அவனுடைய உயரத்துக்கு நாங்கள் வைத்த பெயர், எந்த வாசலிலும் தலை இடிக்காமல் நுழைந்ததில்லை. அந்த நிலைமையிலும் குவளையை விடாமல் வந்தானே என்று வருஷக்கணக்கில் கேலி செய்தோம். இரண்டோடு நிறுத்தியிருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வார்டில் ஒரு தையல்காரர் இருந்தார், என் வயதுதான் இருக்கும், இதயத்துக்காகச் சேர்த்திருந்தார்கள். தேறிவிட்டார், மகன் வந்து தன் வீட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. மகன் வந்து பார்த்தால் கட்டில் காலி. வார்டே அல்லோலகல்லோலப்பட்டது. நானும் படிக்கட்டு, கேன்டீன், தோட்டம் என்று ஓடித் தேடினேன். கடைசியில் சலவை ஆள் மூட்டையோடு வந்து துணி அறையின் தாழை நீக்கினால், உள்ளே விரிப்புக் குவியல்மேல் மனிதர் வேர்த்து விறுவிறுத்துச் சாய்ந்து கிடக்கிறார். ஜன்னல் இல்லாத அறை, தாழ் வெளிப்பக்கம். போட்டவன் நான். திறந்து கிடந்ததைப் பார்த்துச் சாத்தித் தாழ் போட்டது நன்றாக நினைவிருக்கிறது. ஆக்ஸிஜன் வைத்து மறுபடி படுக்கப் போட்டார்கள். அந்த மகன் என்னைக் கேட்ட கேள்விகளை எழுத மாட்டேன், நியாயமானவைதான். பெரிய சிஸ்டர் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வீட்ல இருங்க சார், அப்புறம் பாக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து ஒரே கேள்வியை மென்றுகொண்டிருந்தேன். நான் கூப்பிட்டேனா இல்லையா? எப்போதும் கூப்பிடுவேன், பழகிப்போய் வாய் தானாகக் கத்திவிடும், அதனாலேயே அன்று கத்தினேனா என்று நினைவில்லை. மூளை தேய ஆரம்பித்துவிட்டதோ என்று பயந்துவிட்டேன். இன்ஜினைக் கிளப்பும்போது எந்த வால்வுக்குப் பிறகு எந்த வால்வு என்று ஒப்பித்துப் பார்த்தேன், பிசகில்லாமல் வந்தது, அப்படியும் மனசு அடங்கவில்லை. எழுந்து போய்ப் பின்கதவைப் பார்ப்பேன், உட்காருவேன், திரும்ப எழுந்து போவேன். உன் அம்மா கேலி செய்யாததுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

நேற்று பெரிய சிஸ்டர் போன் செய்தார். தையல்காரருக்குப் பேசத் தெம்பு வந்ததும் முதலில் சொன்னது என்னைப் பற்றித்தானாம். அவரு மேல தப்பில்ல, மூணு தடவை கூப்பிட்டாரு, கதவைத் தட்டக்கூட தட்டினாரு, நான்தான் வாயத் தொறக்கல என்றாராம். சட்டையை மாட்டிக்கொண்டு உடனே ஓடினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எம்மவன் தங்கமானவன் சார், மருமகளும் ஒரு சொல் சொல்ல மாட்டா, ஆனா அங்க எனக்குத் தையல் மெஷின் கிடையாது, உக்காந்து சாப்பிட்டுட்டு சுவத்தப் பாக்கணும், வரலைன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியல, அதான் உள்ள போய் ஒக்காந்துட்டேன், மூச்சு முட்டினப்போ தட்டலாம்னு பாத்தேன், கை வரல என்றார். பக்கத்தில் மகன் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மெஷினையும் எடுத்துட்டு வர்றதுதானப்பா, இதை ஏன் சொல்லல என்று அழுதுவிட்டான்.

வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, நாளை முதல் வரச் சொல்லிவிட்டார்கள். நியாயமாக நேற்று நான் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை பாப்பா. நீ எங்களை உன்னோடு வந்து இருக்கச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டுவிட்டாய். முதல் தடவை முழங்கால் வலி என்றேன். இரண்டாம் தடவை ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை என்றேன். மூன்றாம் தடவை போனை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் பின்கதவைச் சாத்தப் போனேன், அது சாத்தித்தான் இருந்தது. அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. பேத்தி பேச்சு, விலைவாசி, மாப்பிள்ளையின் இருமல் என்று எல்லாம் பேசுகிறாய், அதை மட்டும் கேட்பதில்லை. அம்மா வருவதற்குத் தயார், பெட்டியை எப்போதோ துடைத்து வைத்துவிட்டாள், எனக்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள்.

எனக்கு உன் வீட்டைப் பிடிக்காமல் இல்லை. பயமாக இருக்கிறது. அங்கே எல்லோரும் காலையில் ஓடிவிடுவீர்கள், நான் சோபாவில் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருக்க வேண்டும், யாருக்கும் ஒன்றுக்கும் ஆகாதவனாக. இதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. பேத்தியின் பள்ளி விடுமுறைக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். முதலில் கொஞ்ச காலம் இருந்து பார்க்கிறோம். அதற்குள் உன் வீட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு வேலை பார்த்து வை, ஆஸ்பத்திரியோ நூலகமோ, பள்ளி வாசலில் பிள்ளைகளைத் தெருக் கடக்க வைப்பதோ, எதுவானாலும் சரி. நான் இடைஞ்சலாக இருந்தால் என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடு, நானும் அப்படியே சொல்கிறேன்.

சின்னவனுக்குச் சளி இருந்தால் குளிர்ந்த தண்ணீரில் விளையாட விடாதே. மாப்பிள்ளையை இருமலுக்கு டாக்டரிடம் போகச் சொல், நான் சொன்னதாகவே சொல். நால்வரும் நோய் நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும், அம்மாவும் நானும் அதையேதான் வேண்டிக்கொள்கிறோம். மறக்காதே, பால்கனிக் கதவைத் தாழ் போடும் முன் குழந்தைகள் வெளியே நிற்கிறார்களா என்று குரல் கொடுத்துப் பார். ஒரு முறை போதாது. பதில் வராவிட்டாலும் யாருமில்லை என்று நினைத்துவிடாதே.

இருக்கேன் பாப்பா.

உன் அப்பா