பிப்ரவரிக் குளவிகள்

கீல், நவம்பர் 4

எக்கெர்ட்டுக்கு,

போனில் உங்களுக்குக் காது கேட்பதில்லை. கேட்கும்போதும் கேட்காத மாதிரி இருக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். இடுப்பு மூட்டு மாற்றி, தீவில் இருக்கும் மருத்துவமனையில் நடக்கப் பழகும் மனிதரிடம் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். நலமா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஃபீட்டே சரியாக மூச்சு விடவில்லை. நீங்கள் திரும்பும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி அவனை என்னிடம் விட்டீர்கள். "அவன் பாட்டுக்கு இருப்பான், ஒரு தொந்தரவும் கிடையாது" என்றீர்கள். வந்த அன்றே கவனித்தேன். தூங்கும்போது விலாவை விட வயிறுதான் அதிகம் ஏறி இறங்குகிறது. சோபாவில் ஏறிவிட்டு, மாரத்தான் ஓடியவனைப் போல முழங்கையை அகட்டிக்கொண்டு உட்கார்கிறான். தூங்கும் பூனை நிமிடத்துக்கு முப்பது மூச்சுக்கு மேல் விடக்கூடாது என்று படித்தேன். இவன் ஐம்பதை நெருங்குகிறான்.

இது ஒரு வாரத்தில் வந்தது இல்லை. உங்கள் வீட்டில் தொடங்கியது. உங்கள் வீட்டுக் காற்றைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்கிறேன். காயாத விறகைப் போட்டு அடுப்பை எரிக்கிறீர்கள். அக்டோபரிலிருந்து ஏப்ரல்வரை ஒரு ஜன்னலையும் திறப்பதில்லை. அம்மா உங்களை இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு அந்த வீட்டில் இருந்தவரை, தன் படுக்கையறை ஜன்னலை மட்டுமாவது பனியிலும் சாய்த்துத் திறந்து வைப்பாள். நீங்கள் பின்னாலேயே போய் மூடுவீர்கள். "பன்னெண்டு வருஷமா எங்களுக்குள்ள நடக்கிற ஒரே சண்டை இதுதான்" என்று என்னிடம் சிரிப்பாள். மே மாதத்தில் அவள் போனபின் திறக்க ஆளே இல்லை. கட்டடங்களில் காற்று எப்படிப் போய் வருகிறது என்று அளந்து சம்பளம் வாங்குபவன் நான். அந்த வீட்டில் நான் ஒரு பூனையாக இருந்தால் எனக்கும் ஆஸ்துமா வந்திருக்கும்.

இரண்டு கேள்விகள். எப்போதிலிருந்து இப்படி மூச்சு விடுகிறான்? ஏன் மருத்துவரிடம் காட்டவில்லை?

ஹவுகே


ஃபோர் தீவு, நவம்பர் 7

அன்புள்ள பையா,

உன் கடிதம் வந்தது. என் அறைத்தோழர் ஓலுஃபுக்கும் வாசித்துக் காட்டினேன். ஓய்வு பெற்ற படகு இயந்திரக்காரர், இரண்டு முழங்காலும் புதுசு. "உம்ம பையன் போலீஸ்ல இருக்கானா?" என்று கேட்டார். "இல்ல, வீடு வீடாப் போய் ஓட்டை தேடுற வேலை" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்யா" என்றார்.

நான் நலம். காலையில் வெந்நீர்த் தொட்டியில் எங்களை வாத்துகள் மாதிரி வரிசையாக நடக்கவிடுகிறார்கள். சாப்பாட்டில் உப்பே இல்லை.

ஃபீட்டேவுக்குப் பதினான்கு வயது ஆகிறது. மனிதக் கணக்கில் அவனுக்கு என் வயது. மாடிப்படி ஏறினால் நானும்தான் இரைக்கிறேன், என்னை யாரும் அளப்பதில்லை. விறகு காய்ந்ததுதான். ஜன்னல் விஷயத்தில் நீ சொல்வது உண்மை. முப்பது வருடம் பஸ் ஓட்டியவன் நான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறந்து முதுகில் ஊசி குத்தின காற்று இன்னும் உள்ளேயே இருக்கிறது.

அவனுக்கு வடகடல் இறால் பிடிக்கும், தோலை உரித்துக் கொடு. கொஞ்சமாக, அடிக்கடி கொடு. வயிறு நிறைய ஒரே நேரத்தில் தின்றால் சிரமப்படுவான். மருத்துவரிடம் போவதானால் போ. ஆனால் மயக்க மருந்து, எக்ஸ்ரே படம் எடுப்பது, இதெல்லாம் வேண்டாம். வயசானவனைப் போட்டுப் படுத்தாதே. நான் வந்ததும் அழைத்துப் போய்விடுகிறேன்.

உன் அம்மா வீப்கே இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எல்லா விஷயத்திலும் யோசிக்கிறேன். வீட்டில் என்னுடன் பேசுவதற்கு இப்போது அவன்தான் இருக்கிறான். அதையும் நினைவில் வை.

அன்புடன்,
எக்கெர்ட்


கீல், நவம்பர் 12

எக்கெர்ட்டுக்கு,

என் இரண்டு கேள்விகளுக்கும் நீங்கள் பதில் சொல்லவில்லை. வாத்து, உப்பு, பஸ் எல்லாம் வந்தது. பதில் மட்டும் வரவில்லை.

படம் எடுத்தாயிற்று. மயக்க மருந்து தேவைப்படவில்லை; ஒத்துழைத்தான், உங்களைப் போல் இல்லை. மருத்துவர் லோசே என்ற பெண், என்னை விடக் குறைவாகப் பேசுபவர். இரண்டு பக்கமும் காது வைத்துக் கேட்டார். இடது பக்கம் இதயம் சரியாகக் கேட்கவில்லை என்றார். கேட்க வேண்டிய இடத்தில் குடல் ஓடும் சத்தம் கேட்கிறதாம். ஆஸ்துமாவும் இல்லை, இதயக் கோளாறும் இல்லை. நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"வீடுகள்ல காத்து எங்க கசியுதுன்னு அளக்குறேன்."

"அப்ப சுலபம். நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல தசையால ஒரு சுவர் இருக்கு. இவனுக்கு அந்தச் சுவர் கிழிஞ்சிருக்கு. ஈரல்ல ஒரு துண்டும் கொஞ்சம் குடலும் மேல ஏறி உக்காந்திருக்கு. நுரையீரலுக்கு விரிய இடமில்ல."

"அது தானா கிழியுமா?"

"கிழியாது. அடிபடணும், விழணும், இல்ல எங்கயாவது நல்லா நசுங்கணும்."

"என்கிட்ட வந்து ரெண்டு வாரம்தான் ஆகுது. நாற்காலியிலேருந்துகூட விழல."

"இது ரெண்டு வாரத்துக் கிழிசல் இல்லைங்க. மாசக்கணக்கு. அப்ப இவனை யார் வெச்சிருந்தாங்களோ அவங்களைக் கேளுங்க."

கேட்கிறேன். ஃபீட்டே உங்களோடு மட்டும்தான் இருந்தான். தெருவில் இறங்காத பூனை, கார் மோதியிருக்க வழியில்லை. ஒருமுறை நீங்கள் அவன் மேல் செருப்பை வீசியதை நானே பார்த்திருக்கிறேன். "படம் எடுக்காதே" என்று நீங்கள் எழுதியதை அதன் பிறகு நான்கைந்து முறை வாசித்தேன். படத்தில் என்ன தெரியும் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா?

என்ன நடந்தது?

ஹவுகே


ஃபோர் தீவு, நவம்பர் 14

அன்புள்ள பையா,

செருப்பு அவன் மேல் படவில்லை. வெண்ணெயைத் தின்றுகொண்டிருந்தான், சுவரைப் பார்த்துத்தான் வீசினேன்.

பூனைகள் விழும். அலமாரி மேல் ஏறுவான், விறகு அடுக்கின் மேல் ஏறுவான். எப்போதாவது விழுந்திருப்பான். எனக்கு நினைவில்லை.

வலிக்கிறதா அவனுக்கு? அதை நீ எழுதவே இல்லை. தூங்குகிறானா? ராத்திரியில் காலடியில் படுப்பான், விரட்டாதே.

எக்கெர்ட்


கீல், நவம்பர் 17

எக்கெர்ட்டுக்கு,

"நினைவில்லை." நல்லது. எனக்கு நினைவு வரவழைக்கும் வேலை தெரியும்.

நேற்று ஹூசுமுக்குப் போய் உங்கள் வீட்டைத் திறந்தேன். அவனுடைய போர்வையை எடுத்துவரத்தான் போனேன். அது அம்மாவின் படுக்கையறையில் இருந்தது. அங்கே ஜன்னலைப் பார்த்தேன். மேல்பக்கம் உள்ளே சாயும் சாதாரண ஜன்னல்தான். சாய்த்து வைத்தால் இரண்டு பக்கமும் கீழே போகப் போகக் குறுகுகிற இடைவெளி வரும். பூனை அதில் நுழையப் பார்த்தால் வழுக்கிக் கீழே இறங்கி, ஆப்பு அடித்த மாதிரி வயிற்றோடு மாட்டிக்கொள்ளும். எவ்வளவு திமிறுகிறதோ அவ்வளவு இறுகும். பூனை வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த நாட்டில் இது தெரியும்.

உங்கள் வீட்டில் அந்த ஒரு ஜன்னலில் மட்டும், இரண்டு பக்க இடைவெளியிலும் பிளாஸ்டிக் தடுப்பு மாட்டியிருக்கிறது. மற்ற ஜன்னல்களில் இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு நான் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போது இல்லை. அதற்குப் பிறகு நீங்கள் மாட்டியிருக்கிறீர்கள். ஒரு ஜன்னலுக்கு மட்டும் ஏன் மாட்டுவீர்கள்? அங்கே நடந்தது. உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு, அவன் இத்தனை மாதம் பாதி நுரையீரலோடு உங்கள் காலடியில் படுத்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. மேலேறியதை எல்லாம் இறக்கி, கிழிசலைத் தைக்க வேண்டும். "வயசுக்கு ஆபத்துதான். விட்டா குளிர்காலம் தாண்ட மாட்டான்" என்றார் லோசே. சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. அவன் பதிவு இன்னும் அம்மா பெயரில்தான் இருக்கிறது. என் பெயருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

பிழைத்தால் ஃபீட்டே என்னிடம்தான் இருப்பான். உங்களிடம் திருப்பித் தருவதாக இல்லை.

என்னைப் பையா என்று எழுதாதீர்கள்.

ஹவுகே


ஃபோர் தீவு, நவம்பர் 19

ஹவுகே,

நீ கண்டுபிடித்துவிட்டாய். சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரியில் நடந்தது. வீப்கேவுக்கு இரண்டாவது சுற்று கீமோ மருந்து ஏற்றி அழைத்துவந்த வாரம். பகலெல்லாம் மயங்கிக் கிடந்தாள். அறை எனக்குப் புழுக்கமாக இருந்தது, ஜன்னலைச் சாய்த்து வைத்துவிட்டு மீன் வாங்கத் துறைமுகம் வரை போனேன். திரும்பி வந்தபோது அவன் அங்கே தொங்கிக்கொண்டிருந்தான். கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சில்லை. என் கையைக் கடித்தான், அந்தத் தழும்பு இன்னும் கட்டைவிரலில் இருக்கிறது. வீப்கே பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தாள், எழவில்லை.

ஹூசுமில் ஒரு மருத்துவரிடம் அன்றே கொண்டுபோனேன். பின்னங்கால்களை மட்டும் பார்த்தார், நசுங்கின வீக்கம், தானாக வடியும் என்றார். நடந்தான். நான் சந்தோஷப்பட்டேன். அதற்குப் பிறகு வீப்கேவைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. கோடையில் அவன் இரைப்பதைக் கவனித்தேன். வயசு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். படம் எடுத்தால் காரணம் வயசு இல்லை என்று தெரிந்துவிடும் என்று பயந்தேன். அது என் தப்பு.

வீப்கேவிடம் அவனுக்குக் கால் சுளுக்கு என்றேன். கடைசிவரை அவளுக்குத் தெரியாது.

ஜன்னலைச் சாய்த்தது நான்தான். வேறு எதையும் யோசிக்காதே. பூனையை நீயே வைத்துக்கொள். நாளைக்கு அவன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி மட்டும் எழுது, அது போதும். ஓலுஃபும் கேட்கிறார்.

எக்கெர்ட்


கீல், நவம்பர் 24

அன்புள்ள எக்கெர்ட்,

பிழைத்துவிட்டான். வியாழன் மதியமே உங்கள் மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லச் சொன்னேன். உங்கள் காதுவரை வந்ததா தெரியவில்லை. இரண்டு நாள் பிராணவாயுக் கூண்டில் வைத்திருந்தார்கள். லோசே வெளியே வந்து, "ஈரல் நல்ல குணம், இழுத்ததும் இறங்கிடுச்சு. ஆள்தான் மோசம், நர்ஸைப் பிராண்டிட்டான்" என்றார். இப்போது என் கட்டிலில் வயிற்றில் தையலோடு படுத்திருக்கிறான். விலா அசைகிறது, வயிறு அசையவில்லை. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதை நான் நம்பவில்லை.

முதலில், புழுக்கம். பிப்ரவரியில் உங்களுக்குப் புழுக்கமா? ஆகஸ்டிலேயே கம்பளிச் சட்டை போடுபவர் நீங்கள். உங்களை ஜன்னலைத் திறக்கவே தெரியாதவர் என்று திட்டித்தான் நான் முதல் கடிதமே எழுதினேன். நீங்களும் ஒப்புக்கொண்டு பஸ் கதை எழுதினீர்கள்.

அடுத்து, தடுப்பு. சாய்த்தது நீங்கள் என்றால் தடுப்பு எதற்கு? இனிமேல் சாய்க்காமல் இருந்தால் போதுமே. அந்த ஜன்னலை வேறொருவர் மறுநாளும் சாய்ப்பார், வேண்டாம் என்று அவரிடம் காரணத்தோடு சொல்ல முடியாது என்றால்தான் அதில் தடுப்பு மாட்ட வேண்டிவரும்.

கடைசியாக ஒன்று. இதை உங்கள் கடிதத்துக்குப் பிறகுதான் நினைவுபடுத்திக்கொண்டேன். அந்த மாதம் அம்மா எனக்குப் போன் செய்தாள். குரலே இல்லை, ஆனாலும் சிரித்தாள். "இந்த மனுஷனுக்கு என்னமோ ஆயிடுச்சுடா. ஏணி போட்டு என் ஜன்னல்ல பிளாஸ்டிக் மாட்டிட்டு இருக்காரு. ஏன்னு கேட்டா குளவி வருமாம். பிப்ரவரியில, கடலோரத்துல, குளவி. போகட்டும், ஜன்னலைச் சாய்க்க விடுறாரே, பன்னெண்டு வருஷத்துல இதுதான் முதல் தடவை" என்றாள்.

பிப்ரவரியில் புழுக்கம், பிப்ரவரியில் குளவி. உங்களுக்குப் பொய் சொல்ல வேறு மாதமே கிடைக்கவில்லையா?

நீங்கள் மீன் வாங்கப் போனபோது அம்மா எழுந்து காற்றுக்காகச் சாய்த்திருக்கிறாள், மறுபடி தூங்கிப்போயிருக்கிறாள். தான் ஆசையாக வளர்த்தவன் தன் தலைமாட்டில் தொங்கியது அவளுக்குத் தெரியாமலேயே போய்விட்டது. எனக்கும் தெரிய வேண்டாம் என்று நீங்கள் நினைத்தீர்கள். அதற்காகப் பூனையையே விட்டுக்கொடுத்தீர்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா மேல் எனக்கு ஒன்றும் இல்லை; அவளுக்கு மூச்சு முட்டியிருக்கும், காற்று வேண்டியிருந்திருக்கும். கோடையிலேயே நீங்கள் அவனை மருத்துவரிடம் காட்டாமல் இருந்தது மட்டும் தப்புதான். அதை நேரில் திட்டுகிறேன்.

சனிக்கிழமை மதியப் படகுக்கு டாகெபுல் துறையில் நிற்பேன். ஃபீட்டே காரில் இருப்பான். பத்து நாளைக்கு அவனைத் தூக்க வேண்டாம், நீங்கள் குனியவும் கூடாது, இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ள அதுவரை நான் ஹூசுமில் தங்குகிறேன். ஓலுஃபிடம் சொல்லுங்கள், ஓட்டை தேடும் வேலை முடிந்தது என்று.

ஞாயிறு அன்று வீட்டுக்குப் போய்த் தடுப்பை இழுத்துப் பார்த்தேன். ஒழுங்காகத்தான் மாட்டியிருக்கிறீர்கள். அம்மாவின் ஜன்னலைச் சாய்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மூடாதீர்கள். குளிரெடுத்தால் கம்பளி இருக்கிறது.

உங்கள் பையன்,
ஹவுகே