அரக்குப் பட்டு

தேனி,
9-6-2018

அன்புள்ள முனீஸ்வரிக்கு,

உன் மதினி ராமுத்தாய் எழுதுவது. நாலு நாளாகப் போன் அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை. அதனால்தான் பேனாவைத் தேடிப் பிடித்தேன். திரிஷா எப்படி இருக்கிறாள்? சடங்குப் பந்தலில் பிள்ளை அழுத முகம் கண்ணிலேயே நிற்கிறது.

சித்திரையில் உன் அண்ணன் லாரியிலிருந்து விழுந்து கால் முறிந்ததிலிருந்து வீட்டில்தான் கிடக்கிறார். தாய்மாமன் சீருக்குக் கடையில் பட்டு எடுக்க எங்களுக்கு ஏது வழி? பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற அம்மாவாசி அண்ணன் மூட்டையில்தான் அந்த அரக்குப் பட்டு கிடந்தது. நான் எப்போதும் அவரிடம்தான் துணி எடுப்பேன். எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் போட்டிருக்கிற கவுன் அந்த மூட்டையில் பிறந்ததுதான்.

சேலையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். முந்தானைப் பக்கம்தான் நைந்திருந்தது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, நைந்ததை வெட்டிப் போட்டு, உள்ளே பழைய வேட்டியைக் கொடுத்துப் பாவாடையாகத் தைத்தேன். ஓரிடத்தில் யாரோ இழையோட்டித் தைத்த கிழிசல் இருந்தது. அதைப் பின் கொசுவத்துக்குள் மறைத்தேன். பிள்ளை மணையில் உட்கார்ந்தால் கொசுவம் விரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இருபது வருஷம் தைத்து என்ன பிரயோசனம்.

மஞ்சள் பூசக் குனிந்த உன் அத்தை, "ஏத்தா, இது என் பீரோவுல இருந்த சேலையில்ல? இந்தக் கிழிசல நாந்தான தச்சேன்" என்றபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளை வயசுக்கு வந்ததும் நான் உங்கள் வீட்டில் மூன்று நாள் தங்கி வேலை செய்தேன் அல்லவா? அப்போது எடுத்திருப்பேன் என்று அவர்களே கணக்குப் போட்டுவிட்டார்கள். "களவாண்ட சேலையவே சீரா வச்சிட்டாக" என்று யாரோ சிரித்தார்கள். நீ பக்கத்தில்தான் நின்றாய். "எங்க மதினி அப்படிப்பட்டவுக இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

போகட்டும். அடுத்த வாரம் ஞாயிறு அம்மாவாசி அண்ணனைக் கூட்டிக்கொண்டு கம்பம் வருகிறேன். எந்த வீட்டில் வாங்கினார் என்று அவரே உன் அத்தை முன்னால் சொல்லட்டும்.

அன்புடன்
உன் மதினி
ராமுத்தாய்


கம்பம்,
14-6-2018

அன்பு மதினிக்கு முனீஸ்வரி எழுதுவது.

போனில் பேச வசதிப்படவில்லை, அத்தை பக்கத்திலேயே இருக்கிறார்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், யாரையும் கூட்டி வராதீர்கள். அப்புறம் நான் இந்த வீட்டில் குடியிருக்க முடியாது. பாவாடையை அத்தை மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அதோடு முடிந்தது என்று இருங்கள். நாலு நாள் போனால் ஊர் வேறு பேச்சுக்குப் போய்விடும்.

திரிஷா பள்ளிக்கூடம் போகிறாள். உங்களைத்தான் கேட்கிறாள். அண்ணன் கால் எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரிக்கு நான் கொண்டுவந்த ஆர்லிக்ஸ் தீர்ந்ததா, இன்னும் இருக்கிறதா? நேரத்துக்குக் கலக்கிக் கொடுங்கள்.

உங்கள்
முனீஸ்


தேனி,
25-6-2018

முனீஸ்வரிக்கு,

நான் வரவில்லை. ஆனால் அம்மாவாசி அண்ணனிடம் கேட்டேன். கம்பத்தில் எந்தத் தெரு, எந்த வாசல், சேலையை எடுத்துவந்து கொடுத்தது யார் என்று அடையாளம் சொன்னார். கேட்டுக்கொண்டேன்.

உன் அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் கம்பை ஊன்றிக்கொண்டு நேரே உன் வாசலுக்கு வந்து நிற்பார். உன் அத்தை உன்னை என்ன செய்வார்கள் என்று எனக்கும் தெரியும். நீயாகச் சொல்வாய் என்று இருக்கிறேன்.

ஆர்லிக்ஸ் தீர்ந்துவிட்டது. பாட்டிலில் பட்டன் போட்டு வைத்திருக்கிறேன்.

உன் மதினி
ராமுத்தாய்


கம்பம்,
12-1-2025

அன்பான மதினிக்கு,

ஏழு வருஷம் ஆகப்போகிறது. "கேட்டுக்கொண்டேன்" என்று நீங்கள் எழுதிய கடிதத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். அரிசி எடுக்கப் போகும்போதெல்லாம் கையில் படுகிறது.

அந்தச் சேலையைக் கொடுத்தது நான்தான் மதினி. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வெறுங்கையோடு வர மனசு கேட்கவில்லை. வீட்டில் கேட்டால் யார் கொடுப்பார்கள்? அத்தை கட்டாமல் போட்டிருந்த சேலைதானே, தேட மாட்டார்கள் என்று எடுத்துக் கொடுத்து, பாத்திரத்துக்குப் பதில் காசாக வாங்கிக்கொண்டேன். நான் கொண்டுவந்த ஆர்லிக்ஸ், ஆப்பிள் எல்லாம் அந்தப் பட்டுதான். அது உங்கள் கைக்கே வரும் என்று நான் கனவு கண்டேனா? பந்தலில் அத்தை கத்தியபோது வாயைத் திறக்கத்தான் பார்த்தேன். வீட்டை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

திரிஷாவுக்கு மாசியில் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் எப்படி? நீங்களும் அண்ணனும் முதல் நாளே வந்துவிட வேண்டும். கல்யாண ரவிக்கையைத் தன் அத்தை நீங்கள்தான் தைக்க வேண்டும் என்று பிள்ளை ஒற்றைக்காலில் நிற்கிறாள். அளவு ரவிக்கை இதோடு வைத்திருக்கிறேன்.

என் அத்தையிடம் மட்டும் இப்போது எதுவும் வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் வந்துபோகிற நேரம். நீங்கள் வந்து நின்றாலே போதும், பழசை யாரும் கிளற மாட்டார்கள். என்னை மன்னித்துவிடுங்கள் மதினி.

உங்கள்
முனீஸ்


தேனி,
3-2-2025

முனீஸ்வரிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் கையில் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். "நான் அன்னைக்கு ஒன்னயக் கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

என்ன கேட்டார் என்று உனக்குத் தெரியாது. சடங்கு முடிந்து கம்பத்தில் பஸ் ஏறியதும் அவர் ஊன்றுகம்பை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வீரபாண்டி வரும்போது என் பக்கம் திரும்பி, "நெசமாச் சொல்லு, எடுத்தியா?" என்றார். இல்லை என்றேன். சரி என்றார். அந்தச் சரியை அவர் நம்பிச் சொன்னாரா என்று இத்தனை வருஷமும் எனக்குத் தெரியாது. உன்னைக் காட்டிக்கொடுக்காமல் அதைப் பொறுத்துக்கொண்டேன். ஊர் சொன்னதைக்கூட மறந்துவிடுவேன் முனீஸ்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அண்ணன்மேல் பாசத்தில்தான் எடுத்தாய், பயத்தில்தான் வாய் மூடினாய். மன்னிப்பு கேட்டாய், கொடுத்துவிட்டேன். ஆனால் என்னைக் கள்ளி என்றது பந்தல் நிறைந்த கூட்டத்தில். நான் எடுக்கவில்லை என்று நீ சொல்வது எனக்கு மட்டும் வந்த கடிதத்தில். மறுபடி அதே ஆட்கள் முன்னால் வந்து நிற்க என்னால் முடியாது.

உன் அண்ணன் வருவார், சீரும் வரும். நான் வரவில்லை. திரிஷா கேட்டால் எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்.

ரவிக்கையைத் தைத்து அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். உடம்பு வைத்தால் பிரித்துக்கொள்ள இரண்டு பக்கமும் இரண்டு விரல் துணி உள்ளே விட்டிருக்கிறேன். இந்தத் தடவை புதுத்துணி, கடையில் எடுத்தது. பில்லை உள்பக்கம் ஊக்கில் குத்தி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் காட்டு.

ராமுத்தாய்