மீதி நைட்ரஜன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஆலையின் குழந்தைகள் சத்துமாவு போன வாரம் எங்கள் ஆய்வகத்துக்குச் சோதனைக்கு வந்தது. பொட்டலத்தைப் பார்த்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் மூன்றிலுமே கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் உண்டு. புரதத்தில்தான் நைட்ரஜனும் சேரும். அதனால் நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிடுவோம். நீ அச்சிட்டிருந்த அளவு அப்படியே வந்தது. பிறகு, புரதத்தை அமினோ அமிலங்களாகப் பிரித்து அளந்தேன். அந்த அளவில் பாதிகூட வரவில்லை. மூன்று முறை செய்தும் அதே கதைதான். மீதி நைட்ரஜன் புரதமல்லாத வேறு எதிலிருந்து வந்தது? என் கைதான் எங்கோ தப்பு செய்கிறதோ என்று குழம்பிப்போனேன்.

அதனால்தான் போன் செய்தேன். "உன் மாவு சோதனைக்கு..." என்று ஆரம்பித்ததுமே, "நைட்ரஜன் சரியாத்தானேக்கா இருக்கும்? அதோட விட்டுடேன்" என்றாய். நைட்ரஜனைப் பற்றி நான் வாயே திறக்கவில்லையே!

நீ என் தம்பி என்று மேலதிகாரியிடம் சொல்லி, மாதிரியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். செய்தது நியாயமா துரோகமா, தெரியவில்லை.

நீ கொடுத்தனுப்பிய டப்பாவிலிருந்து என் பாப்பாவுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். உன் பிள்ளைக்கு அந்த மாவைக் கொடுக்கிறாயா? அதற்கு மட்டும் பதில் எழுது.

உன் அக்கா