என் தெருமுனையில் பஸ் நிற்க வேண்டும்

ஜனவரி 6, 2025, திங்கள்

எனக்கு அநியாயம் நடந்திருக்கிறது. செய்தவர் எங்கள் ஷூ கம்பெனியின் ஹெச்.ஆர். சூரியபிரகாஷ். நாளைக்கு நானே ஆறிப்போய் "போகட்டும், விடு" என்று சொல்லிவிடக் கூடாது. அதற்காக எழுதி வைக்கிறேன்.

அந்தோணிக்குப் பக்கவாதம் வந்தபோது லீவு கேட்டேன். "வீட்டுக்காரரப் பாருங்கம்மா. உங்க இடம் எங்கயும் போவாது" என்று சொன்னது இதே வாய். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அவர் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். இன்று கம்பெனிக்குத் திரும்பப் போனேன். என்னைப் போன்ற தையல் லைன் சூப்பர்வைசர்கள் அன்றன்றைய உற்பத்தியை இப்போது கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமாம். "இந்த வயசுல உங்களுக்கு அது வராதும்மா. பேக்கிங்ல பசை தொடைக்கிற வேலை இருக்கு, வர்றீங்களா?"

வராது என்று எப்படித் தெரியும்? உட்கார வைத்துப் பார்த்தாரா? புதிதாக வேலை கேட்டு வருகிற பெண்ணுக்குக்கூட வெட்டிப்போட்ட துண்டுத் தோலைக் கையில் கொடுத்து, தைத்துக் காட்டச் சொல்லி, அதற்குப் பிறகுதான் ஆகாது என்போம். எனக்கு அந்தத் துண்டுத் தோல்கூடக் கிடையாதா?

"எனக்கு வராதுன்னு யாரு சார் சொன்னது?" என்றேன். சிரித்தார். ஏப்ரலில் சூப்பர்வைசர் வேலைக்குக் கம்ப்யூட்டர் டெஸ்ட் இருக்கிறதாம். "கோர்ஸ் முடிச்சு சர்டிபிகேட்டோட வாங்க, பாக்கலாம்." நான் வரமாட்டேன் என்ற தைரியத்தில் சொன்னது.

வருவேன்.

ஜனவரி 7

காலையில் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் வேகம் குறைந்தது. டிரைவர் காசிக்குப் பழைய பழக்கம். என்னைப் பார்த்தார். பார்க்காத மாதிரி போய்விட்டார்.

நான் பால் வாங்கத்தான் நின்றேன்.

ஜனவரி 13, போகி

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். வேலைக்குத் திரும்ப நினைக்கிற பெரியவர்களுக்கு சாயங்கால வகுப்பு, திங்கள், புதன், வெள்ளி. சேர்ந்துவிட்டேன். சொல்லிக்கொடுப்பவன் கௌதம், காட்பாடிப் பையன். "ஆன்ட்டி, இங்க்லீஷ் எழுத்து தெரியுமா?" என்றான். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்ற எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது ஷூ அட்டைப்பெட்டிகள். கலர், சைஸ், ஊர் பேர் எல்லாம் அதிலிருந்து கற்றதுதான். "தெரியும். ஆன்ட்டின்னு கூப்பிடாத, ஹெலன்னு பேரு இருக்கு" என்றேன்.

வீட்டில் சொன்னதற்கு அந்தோணி வாயைக் கோணிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக இழுத்து, "கம்ப்யூட்டரு... உன்ன பாத்தா... தானா ஆஃப் ஆயிடும்டி" என்றார். நோய் வந்த பிறகு அவர் பேசிய நீளமான வாக்கியம் இது. அதற்காக மன்னித்தேன்.

ஜனவரி 20, திங்கள்

அந்தோணிக்குக் கரிநாக்கு.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனோம். பாதிப் பேர் என்னைப் போல ஷூ தைத்தவர்கள். குழந்தை, நோய், கல்யாணம் என்று வேலையை விட்டவர்கள். பக்கத்து நாற்காலியில் நசீமுன்னிசா, கூப்பிட நசீமா, வேறு கம்பெனியில் தைத்தவள், கணவன் இறந்த பிறகு மூன்று பெண்களோடு அம்மா வீட்டில் இருக்கிறாள். பேரைத் தட்டச்சு செய்யச் சொன்னான் கௌதம். H என்ற எழுத்தைக் கண்டுபிடித்து விரலை அழுத்தினேன். அழுத்தியதும் என் வலது காலும் தானாக முன்னால் அழுத்தியது. தையல் மெஷினில் கை வேலை செய்தால் கால் பெடலை மிதிக்க வேண்டும். சூப்பர்வைசர் ஆன பிறகும் ஆள் வராத நாளில் மெஷினில் உட்காருகிறவள்தானே நான். காலுக்கு எப்படித் தெரியும் இங்கே பெடல் இல்லை என்று?

பெடல் இருக்க வேண்டிய இடத்தில், தரையில், வரிசைக்கே கரண்ட் கொடுக்கிற ஜங்ஷன் பாக்ஸ் சுவிட்சோடு இருந்தது. வரிசை முழுக்க இருண்டது.

"இன்னாக்கா, மொத நாளே கரண்ட்ட புடுங்கிட்டே!" என்று நசீமா சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அவள் கால் பின்வரிசைப் பெட்டியை அணைத்தது.

ஜனவரி 24

இன்றும் நான்தான். இருமுறை.

பிப்ரவரி 3, திங்கள்

இன்னொரு அநியாயம். தையல்காரப் பெண்கள் எல்லோரும் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டுமாம். கம்ப்யூட்டர் கிடையாது. கௌதம் செய்வதைத் திரையில் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். "ஓனர் திட்றாரு ஆன்ட்டி. ஹார்டு டிஸ்க் போச்சுன்னா யாரு குடுக்கிறது? நீங்க மொதல்ல கால அடக்கிட்டு வாங்க."

கால அடக்கணுமா? இந்தக் கால்தான்டா சம்பாதிச்சு வீட்ட நிறுத்துச்சு! கேட்டுவிட்டேன், சத்தமாகவே. நசீமா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்: "வேணாம்க்கா, பேஜாரு. பெஞ்சிலயே உக்காரலாம்." உட்கார முடியாது என்றேன். கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தேன், வகுப்பு முடிகிறவரை. அவன் அதைப் போட்டுக்கொடுக்கவில்லை. இருண்ட திரையில் என் முகம் தெரிந்தது. கோபமான முகம். பரவாயில்லை, நல்ல முகம்.

திருத்த வேண்டியது காலையா, பெட்டியையா? பெட்டியைச் சுவரில் அடிக்கலாமே என்றால், கட்டிட ஓனர் ஆணி அடிக்க விடமாட்டாராம்.

பிப்ரவரி 5

ஆணி வேண்டாம். தோல் இருக்கிறதே.

துண்டுத் தோல் விற்கிற கடையில் பெல்ட் அகலத்துக்குக் கெட்டியான வார்களாகப் பொறுக்கி வாங்கினேன். வகுப்புக்கு முன்பே மாடியேறி, ஒவ்வொரு பெட்டியையும் மேசைக்காலோடு சேர்த்து, முழங்காலுக்கும் மேலே தூக்கி வரிந்து கட்டினேன். நசீமா முடிச்சுப் போட்டாள். அவள் முடிச்சை ஆண்டவரே அவிழ்க்க முடியாது.

கௌதம் வந்து குனிந்து பார்த்தான். பெட்டியை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. தலையைச் சொறிந்தான். "இது எனக்குத் தோணல" என்றான்.

"உனக்குக் கால் ஆடல, அதான்."

கடைசி பெஞ்சு காலி. இன்று எல்லோர் காலும் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு கம்ப்யூட்டரும் அணையவில்லை.

பிப்ரவரி 10

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. ஷூ பெட்டி மூடியில் கட்டம் போட்டுக் கீபோர்டு வரைந்துகொண்டேன். அந்தோணி எழுத்தைச் சொல்ல வேண்டும், நான் பார்க்காமல் தொட வேண்டும். வாயைத் திறந்து பேசிப் பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லியும் கேட்காத மனுஷன், இதில் மட்டும் குஷியாகிவிட்டார். "கே... எல்... தப்பு! தப்புடி!" தப்பு என்ற சொல் மட்டும் சுத்தமாக வருகிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

ஒரு பக்கம் முழுவதும் அடித்தேன். கடைசிக் கட்டம் வரும்போது ஊர் கரண்ட் போனது. சென்டர் பேட்டரியும் செத்திருந்தது. எல்லாம் போச்சு.

"நடுநடுல சேவ் பண்ணுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?" என்றான் கௌதம். சொன்னான்தான். ஆனால் நடுவில் கையை எடுக்க எங்களுக்கு வராது. தையலை ஆரம்பித்தால் முனைவரை ஒரே ஓட்டம். நடுவில் நிறுத்தினால் ஊசித் தடம் தோலில் நின்றுவிடும், அந்த ஜோடியே ரிஜெக்ட். நிறுத்தாமல் ஓட்டுகிறவள்தான் நல்ல தையல்காரி என்று எத்தனை பெண்களுக்கு நானே சொல்லியிருப்பேன்.

இன்று தூக்கம் வராது போலிருக்கிறது. வயது ஆகிவிட்டதோ? சூரியபிரகாஷ் சொன்னது சரியோ?

இல்லை. இந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், பிறகு படித்துச் சிரிக்கிறேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

நசீமாவுக்கு ரமலான் நோன்பு. எனக்கு இன்று தவக்காலம் தொடங்கியது. இரண்டு பட்டினிக்காரிகள் பக்கத்துப் பக்கத்தில்.

சாயங்காலத் தொழுகை மக்ரிபுக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் நோன்பு இருக்கிறவர்கள் பேரீச்சம்பழத்துக்கு எழுகிறார்கள். எழும் அவசரத்தில் யாராவது வயரைத் தட்டிவிடப் போகிறார்கள் என்று கௌதமுக்குப் பயம். "பாங்கு கேட்டா மொதல்ல எல்லாரும் சேவ். அப்புறம்தான் நோன்பு தொறக்கணும்" என்று சட்டம் போட்டுவிட்டான். பாங்கு கேட்கும். வரிசை முழுக்கக் கை ஒரே நேரத்தில் கண்ட்ரோல், எஸ் என்ற இரண்டு பட்டனுக்குப் போகும். டப்.

வாயில் பழத்தோடு நசீமா சொன்னாள்: "அக்கா, இது நம்ம ரிவர்ஸ் தையல் மாதிரிதான். திரும்பி ரெண்டு குத்து ரிவர்ஸ் போடாம நூல அறுத்தா தையல் பிரிஞ்சுடாது?"

அடிப்பாவி, இதை பிப்ரவரியிலேயே சொல்லியிருக்கக் கூடாதா!

மார்ச் 19

இப்போது எந்தப் பள்ளிவாசலில் எந்த நேரத்துப் பாங்கு கேட்டாலும் என் கை தானாக அந்த இரண்டு பட்டனைத் தேடுகிறது. இன்று பகலில் சாம்பார் கிளறும்போது. அந்தோணி பார்த்துவிட்டார். "சாம்பார... சேவ் பண்ணிட்டியா?" நன்றாகப் பேசுகிறார். பேச்சு திரும்பியதும் முதலில் திரும்பியது கிண்டல்தான்.

ஏப்ரல் 1

சர்டிபிகேட் வந்துவிட்டது. நசீமா பெருநாள் பிரியாணி கொண்டுவந்தாள். தவக்காலத்தில் எனக்குக் கறி கிடையாது. அந்தோணிக்கு அப்படி எந்தக் கொள்கையும் இல்லை.

ஏப்ரல் 9, புதன். டெஸ்ட்

மெதுவாக, ஒன்றும் விடாமல் எழுத வேண்டும்.

ஆபீசில் ஒரே மேசையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் நான். இன்னொன்றில் நிஷா, டிகிரி முடித்த பெண், குழந்தை பிறந்து வீட்டிலிருந்துவிட்டு இப்போது வேலைக்கு வருகிறாள். ஒரு நாள் உற்பத்தியை ஏற்றி, கூட்டி, அச்சடித்துக் கொடுக்க வேண்டும். சூரியபிரகாஷ் எதிரில் உட்கார்ந்து டீ குடித்தார். நிஷா மழை மாதிரி அடித்தாள். நான் தூறல்.

மத்தியானப் பாங்கு கேட்டது. என் கை தானாகப் போய்ச் சேவ் செய்தது. அடுத்த வரி ஆரம்பித்தேன், வேகம் வந்தது, வேகம் வந்தால் கால் சும்மா இருக்குமா? ஓங்கி ஒரு மிதி. மேசைக்கடியில், தரையில், ஜங்ஷன் பாக்ஸ். இங்கே யார் வார் கட்டி வைத்தார்கள்?

இரண்டு திரையும் இருண்டன. "யாரு? யாரு ஆஃப் பண்ணது?" என்று சூரியபிரகாஷ் எழுந்தார்.

"நான்தான் சார். என் கால்."

"அதான் நான் அன்னிக்கே சொன்னேன்..."

"போட்டுப் பாருங்க சார்" என்றேன். போட்டோம். பாங்குவரை அடித்தது எல்லாம் அப்படியே இருந்தது. போனது ஒரே வரி. நிஷாவினுடையது மொத்தமும் போயிருந்தது. அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சார், இந்தப் பொண்ணுக்கு மொதல்லருந்து நேரம் குடுங்க."

"நீங்க டெஸ்ட் எழுத வந்தீங்களா, நடத்த வந்தீங்களா?"

"என் கால் பண்ணதுக்கு அது ஏன் சார் தோக்கணும்? நேரம் குடுக்கலைன்னா நானும் எழுந்துக்கிறேன்."

எழுந்தே விட்டேன். அந்த நாற்காலிக்காக இத்தனை மாதம் நாயாக அலைந்தவள்! அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னும் சூப்பர்வைசர் மாதிரியே பேசுறீங்கம்மா."

"எப்ப இல்லைன்னு சொன்னேன்?"

உட்காரச் சொன்னார். நிஷாவுக்கு நேரம் கொடுத்தார். நான் முடித்து அச்சடித்த தாளை எடுத்துப் பேனாவால் வரி வரியாகத் தப்பு தேடினார். தலைப்பில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது, வட்டம் போட்டார். அவர் கண் முன்னாலேயே திருத்தி, சேவ் செய்து, இன்னொன்று அச்சடித்துக் கொடுத்தேன். அந்தத் தாளில் வட்டம் போட அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

ஈஸ்டருக்கு மறுநாள். போன் வந்தது. என் லைன் எனக்கு. பக்கத்து லைன் நிஷாவுக்கு.

அதோடு விடவில்லை. நேரே போனேன். "அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்களே சார், இந்த வயசுல வராதுன்னு. அதுக்கு என்ன?" என்று கேட்டேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது. பேனாவை மூடினார், திறந்தார். "சரிம்மா. உங்கள உக்கார வெச்சுப் பாத்துட்டுப் பேசியிருக்கணும். பாக்காம சொன்னது தப்பு."

தப்பு. அந்தோணி வாயில் மட்டுமல்ல, இவர் வாயிலும் அந்தச் சொல் சுத்தமாக வருகிறது.

பிப்ரவரி 14 பக்கத்தைப் படித்தேன். சிரித்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நாளை வேலை. ஆக வேண்டியவை:

சூரியபிரகாஷ்: திரும்பி வருகிற எவரிடமும் டெஸ்ட் வைத்துப் பார்க்காமலே "வராது" என்று சொல்லக் கூடாது. இதை எழுதி கேட் அருகே ஒட்ட வேண்டும். ஒட்டும்வரை தினமும் கேட்பேன்.

ஆபீஸ் ஜங்ஷன் பாக்ஸை மேலே தூக்கிக் கட்டுவது மெயின்டனன்ஸ்காரர்கள் வேலை. வார் நான் கொண்டுபோகிறேன்.

கௌதம்: ஷிப்டு முடிந்து வர முடியாத பெண்களுக்கு ஞாயிறு வகுப்பு தொடங்க வேண்டும். ஆன்ட்டி என்பதை நிறுத்த வேண்டும்.

நசீமுன்னிசா: எங்கள் கம்பெனியின் அடுத்த டெஸ்டுக்கு விண்ணப்பம் போட வேண்டும். "எனக்கெல்லாம் எங்கக்கா" என்று ஆரம்பித்தால் வீட்டுக்கே வந்து இழுத்துப்போவேன்.

அந்தோணி: மத்தியானம் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். இடது கையால் முடியும், பெருநாள் பிரியாணியில் பார்த்தேன். தினமும் பேப்பரைச் சத்தமாகப் படிக்க வேண்டும்.

நான்: புடவைக்கு இஸ்திரி போட வேண்டும். சீக்கிரம் எழ வேண்டும். பால் வாங்க அல்ல.

காசி: என் தெருமுனையில் பஸ்ஸை நிறுத்த வேண்டும்.