மூன்று கையெழுத்து, ஒரு ஜெனரேட்டர்

நவ. 18, செவ்வாய்

காலையில் மூட்டம். காற்றே இல்லை, கொடியில் லுங்கி கூட அசையவில்லை. கடலில் தாழ்வு மண்டலமாம். இன்னும் பேர் வைக்கவில்லை. பேர் வைக்காததற்கே டிவியில் இவ்வளவு கூச்சல்.

இன்றைய வேலை:
– கவரைப்பேட்டை டவர், எலி கடித்த ஒயர்.
– தேர்வாய் கண்டிகை டவர், வேலிக்குள் புல். பாம்பு இருக்கிறதாம். புல் வெட்டுகிறவன் வரமாட்டேன் என்கிறான்.
– முட்டிக்குத் தைலம்.
– 3 மணி, திருவள்ளூர், கலெக்டர் ஆபீஸ், புயல் கூட்டம்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து பழவேற்காடு வரை முப்பத்தெட்டு டவர். அத்தனைக்கும் அடியேன்தான் சூப்பர்வைசர். நான் தும்மினால் ஆரம்பாக்கத்தில் சிக்னல் ஒரு கோடு குறையும்.

கூட்டத்தில் தாசில்தார், போலீஸ், தீயணைப்பு, கரண்ட் ஆபீஸ், மூன்று போன் கம்பெனி. கம்பெனி பேரை எழுதினால் வம்பு. சேரன், சோழன், பாண்டியன் என்று வைத்துக்கொள்கிறேன். டி.ஆர்.ஓ. அம்மாதான் தலைமை. புயலில் ஒரு கம்பெனி சிக்னல் விழுந்தால் அந்த ஆட்கள் அடுத்த கம்பெனி சிக்னலில் பேசலாம், கூடுதல் கட்டணம் கிடையாது. மூவேந்தரும் தலையாட்டினார்கள். தமிழ்நாட்டு வரலாற்றில் முதல் முறை.

கலை திரையில் பட்டியல் போட்டாள். என் அக்கா மகள். கன்ட்ரோல் ரூமில் கம்ப்யூட்டர் வேலை, ஒப்பந்தம்தான், அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். மாமனைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றாள். ஆபீஸ் மரியாதை.

"நடுத்திட்டுக்குப்பம். ஏரி நடுவுல. டவரில் ஜெனரேட்டர் மூன்று. டீசல் மூன்று நாளுக்கு" என்று வாசித்தாள். எல்லாருக்கும் நிம்மதி. அரசாங்கத்திடம் சக்கரம் வைத்த ஜெனரேட்டர் ஒன்றே ஒன்று உபரி. அதைத் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்கு ஒதுக்கினார்கள். நானும் தலையாட்டினேன். பிஸ்கட் நன்றாக இருந்தது.

நவ. 19, புதன்

தூறல். பழவேற்காட்டில் படகு ஏறி நடுத்திட்டுக்குப்பம். ஏரியில் முட்டியளவு தண்ணீர்தான், கோல் ஊன்றித் தள்ளினார்கள். என் எடைக்குப் படகு இரண்டு தடவை தரை தட்டியது. மூன்றாவது தடவை இறங்கச் சொன்னார்கள். இறங்கவில்லை.

ஊர்த் தலைவர் ஏழுமலை கரையில். நாலைந்து வருஷப் பழக்கம். புயல் வந்தால் பெண்கள், பிள்ளைகள், வயசானவர்கள் பழவேற்காடு பள்ளிக்கூடத்துக்கு. படகுக்கும் வலைக்கும் காவலாக எட்டு ஆண்கள் மீன் ஏலக்கூடத்தில். அது மட்டும்தான் கான்கிரீட் கட்டடம். எட்டுப் பேரையும் வரச் சொல்லி தாசில்தார் மூன்று தடவை கேட்டாகிவிட்டது. படகு போனால் பிழைப்பு போச்சு என்கிறார்கள்.

ஏழுமலை பெண்சாதி செங்கேணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தது.

"போனு வேல செஞ்சா நாங்க போறோம். இல்லனா ஊட்ட உட்டு அசைய மாட்டோம். போன மழைக்கு ரெண்டு நாளு, இந்த ஆளு உயிரோட கீறானா இல்லியான்னே தெரியாம கெடந்தோம்."

பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள். எல்லாரும் அதே முகம்.

நெஞ்சை நிமிர்த்தினேன். "தாயே, கவலைப்படாதே. கடலே எழுந்து வந்தாலும் என் டவர் உட்காராது. மூணு ஜெனரேட்டர் நிக்குது."

"எங்க?"

கையை நீட்டித் திரும்பினேன். ஒன்று நின்றது. பச்சைப் பெயின்ட் உதிர்ந்து, மேலே ஒரு நாய் படுத்திருந்தது.

செங்கேணி என்னைப் பார்த்தது, நாயைப் பார்த்தது, போய்விட்டது.

திரும்பும் படகில்தான் புரிந்தது. போன மாதம் மூன்று கம்பெனியும் தனித்தனியாக ஒரு ஃபாரம் அனுப்பின. டவர் ஒன்றுதான், மூவரும் அதில்தான் ஆன்டெனா மாட்டியிருக்கிறார்கள். ஜெனரேட்டர் உள்ளதா? உள்ளது. டீசல்? ஒரு நாளுக்கு உள்ளது. மூன்றிலும் கையெழுத்து. மூன்றும் சத்தியம். கூட்டினால் பொய். சேரன் விழுந்தால் சோழன் தாங்குவான் என்று நேற்று தலையாட்டினோமே, அந்தச் சோழனும் அதே இரும்பில்தான் தொங்குகிறான்.

பேசாமல் இருந்துவிடலாமா? அரை மணி யோசித்தேன். பச்சை ஜெனரேட்டர் நல்ல பிள்ளைதான், தாக்குப்பிடிக்கும். தாக்குப்பிடிக்காவிட்டால்? கூட்டிப் போட்டது யார் என்று கேட்பார்கள். கலை.

அதற்கும் முன்னால் அந்தப் பெண்கள். கரையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

நவ. 20, வியாழன்

மழை விட்டு விட்டு. ஏழு மணிக்கே கலைக்குப் போன். எல்லாம் சொன்னேன்.

"மாமா, நீ மீட்டிங்ல வாயத் தொறக்காத. நான் ஃபைல மாத்திடுறேன். டைப்பிங் தப்புன்னு சொல்லிக்கிறேன்."

"யார் தப்பு?"

"என் தப்புதான். வேற யாரு டைப் பண்ணாங்க?"

"வேல போயிடும்டி."

"உனக்கு மட்டும் போவாதா? பேஜார் பண்ணாத மாமா, வெய்யி."

வைத்தேன். நாஷ்டா இறங்கவில்லை. அடியேனுக்கு இட்லி இறங்காத நாள் இது ஒன்றுதான்.

பத்து மணிக் கூட்டம். கலை வாய் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். டி.ஆர்.ஓ. அம்மா மூன்று ஃபாரத்தையும் வரவழைத்து மேசையில் வரிசையாக வைத்தார்.

"மூணும் உங்க கையெழுத்தா?"

"ஆமாங்கம்மா."

"வால் மட்டும் நல்லா நீளமா போட்டிருக்கீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அம்மாவும்தான்.

பிறகு: "இன்னைக்கே சொன்னீங்களே, அந்த மட்டுக்கும் சரி. உங்க டவர் கம்பெனிக்கு நோட்டீஸ் வரும். உட்காருங்க. கலைச்செல்வி, பட்டியலைத் திருத்துங்க." அவ்வளவுதான். கலை திருத்தினாள். என்னைப் பார்க்கவில்லை, காது மட்டும் சிவந்திருந்தது.

தொழிற்பேட்டைக்கு அம்மாவே போன் போட்டார். எங்களிடம் சொந்தமாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சக்கர ஜெனரேட்டர் குப்பத்துக்கு. டீசல்தான் சண்டை. காற்று ஏறுவதற்குள் நாளை மூன்று நடை போகலாம், மூன்று கம்பெனியும் ஆளுக்கு ஒரு நடை. சேரன், சோழன் முதலில் போகட்டும் என்றான். சோழன், பாண்டியன் போகட்டும். பாண்டியன், மேலிடத்தில் கேட்க வேண்டும். முக்கால் மணி நேரம். வெளியே மழை வலுத்தது.

மனு கொடுக்க வந்த ஏழுமலை பின் வரிசையிலிருந்து எழுந்தார்.

"அம்மா, ஏரியில எல்லாரும் ஒரே எடத்துல வலை போட்டா ஒருத்தனுக்கும் மீனு கெடையாது. நாங்க பாடு வெச்சிக்கினு கீறோம். சீட்டு எடுத்து, இன்னிக்கி இவன் பாடு, நாளிக்கி அவன் பாடு. பாடு வந்து வராதவன் பேரு ஊரு கூட்டத்துல வரும். இவங்களுக்கும் அப்டியே போட்டுருங்க."

அம்மா பேனாவை மூடினார். "சீட்டு எழுதுங்க."

பிஸ்கட் தட்டில் மூன்று சீட்டு. பாண்டியன் காலை, சோழன் மதியம், சேரன் சாயங்காலம். பாடு தவறினால் பேர் கலெக்டர் மேசைக்கு. இதையும் கூட்டக் குறிப்பில் ஏற்றினாள் கலை. "பாடு" என்றே ஏற்றினாள்.

நவ. 21, வெள்ளி

புயலுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். வாயில் நுழையவில்லை.

லாரி எட்டு மணிக்கு. கண்ணாடியில் அவசரப் பணி ஸ்டிக்கர், செக்போஸ்ட்டில் கையசைத்து விட்டார்கள். படகுத்துறையில்தான் கண்டம். இரண்டு படகைச் சேர்த்துக் கட்டி, குறுக்கே பலகை போட்டு, மேலே ஜெனரேட்டர். யானையைக் கப்பலில் ஏற்றிய ராஜாக்கள்கூட இவ்வளவு வியர்த்திருக்க மாட்டார்கள். வழிகாட்ட நடுவில் நின்றேன்.

"நைனா, நடுவுல நிக்காத. நீயே அர டன்னு கீற" என்றான் கோல் ஊன்றுகிறவன். ஓரமாக உட்கார்ந்தேன். படகு நிமிர்ந்தது. அவமானம்.

பாண்டியன் டீசல் காலையிலேயே. சோழன் ஒரு மணிக்கு. பெண்கள் மூட்டையோடு கரையில். செங்கேணி மட்டும் ஏறவில்லை. டவர் வேலிக்குள் வந்து, விரலை நீட்டி, ஒன்று, இரண்டு. புதியதை ஓடவிட்டுக் காட்டு என்றது. ஓடவிட்டேன். போனை எடுத்து, பத்தடியில் நின்ற புருஷனைக் கூப்பிட்டது. மணி அடித்தது.

"சரி. போலாம்" என்றது. எல்லாரும் ஏறினார்கள்.

சேரனைக் காணோம். நாலரை, ஐந்து. அலை கரையேறுகிறது. பெண்களை இறக்கிவிட்டு ஏழுமலை அக்கரையில் படகோடு காத்திருக்கிறார். அதற்கு மேல் ஒரு நிமிஷமும் முடியாது என்று போனில் சொன்ன நேரத்தில் வண்டி வந்ததாம். டிரம்மோடு இக்கரைக்கு வந்து இறங்கினான் சேரன் ஆள், தலைமுதல் கால்வரை தண்ணீர்.

"மரம் உழுந்து கெடந்துச்சி சார். சுத்திக்கினு வந்தேன். பாடு போயிடுமேன்னு."

கம்பெனிக்காரன் வாயில் பாடு. அவனும் திரும்பிப் போக முடியவில்லை. ஏலக்கூடத்தில் காவல் எட்டுப் பேர், ஜெனரேட்டருக்காகத் தங்கிய நான், அவன் பத்தாவது ஆள். ரசம் சோறு, சுட்ட கருவாடு. மூன்று தட்டு தின்றான்.

நவ. 22, சனி

காலை ஒன்பதுக்குக் கரண்ட் நிறுத்தினார்கள். பச்சை ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. காற்று, அம்மாடி. மழை மேலிருந்து வரவில்லை, பக்கத்திலிருந்து வருகிறது. ஒரு ஓடு பறந்து ஆந்திராவுக்கே போயிருக்கும். டவர் மட்டும் அடியேன் மாதிரி நிற்கிறது. கொஞ்சம் ஆடுகிறது, நானும்தான்.

அரை மணிக்கு ஒரு தரம் கலை. "மாமா, டவர்?" "நிக்குது." "நீ?" "நானும்." "சரி." வைத்துவிடுவாள்.

மதியம் ஒன்றரை. பச்சை இருமியது, நின்றது. டீசலில் தண்ணீர் இறங்கிவிட்டது. பேட்டரி நாலு மணி நேரம் தாங்கும். ஒயரை மாற்றிப் புதியதில் கொடுக்க வேண்டும். ஏழுமலையும் சேரன் ஆளும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டார்கள், நான் அதற்குள் மண்டியிட்டு. ஒரு முறை ஸ்டார்ட்டர் அடித்தேன், ஒன்றுமில்லை. இரண்டாம் முறையும் இல்லை. சேரன் ஆள் என்னமோ முணுமுணுத்தான், சாமி பேர் போல. முனையை மறுபடி இறுக்கி அடித்தேன். உறுமியது. சிக்னல் பெட்டியில் மூன்று கம்பெனிக்கும் பச்சை விளக்கு வரிசையாக.

அப்போது ஏழுமலை மடியில் போன் அடித்தது. இரண்டு கையிலும் தார்ப்பாய். நானே எடுத்து அவர் காதில் வைத்தேன். செங்கேணி குரல் எனக்கும் கேட்டது, பக்கத்து ஊருக்கும் கேட்டிருக்கும். ரேஷன் கார்டை எங்கே வைத்தாய், கோழியை அடைத்தாயா, மெத்தையைப் பரண்மேல் போடச் சொன்னேனே போட்டாயா, உன் தம்பி இங்கே வந்து என்ன பேசினான் தெரியுமா.

பதினோரு நிமிஷம். என் கை மரத்துவிட்டது.

ஏழுமலை என்னைப் பார்த்துக் கெஞ்சினார், மெதுவாக. "யோவ் சூப்ரவைசரு. ஒரு ரெண்டு நிமிசம் டவர நிறுத்தேன்."

கலெக்டர் உத்தரவு, நிறுத்த முடியாது என்றுவிட்டேன்.