கோட்டுகளுக்குப் பின்னால்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், கேட்டுவிட்டேன். போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ “அப்பா, சிக்னல் சரியில்ல, அப்புறம் கூப்பிடறேன்” என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பாதியில் மடித்தாலும் மறுபடி பிரித்துப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் போன வாரம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கை பொடிசுக்குக் கண் சிமிட்டலும், தோளை வெட்டி வெட்டி இழுப்பதும், தொண்டையில் அந்த “ம்க்கும்” சத்தமும் ஆரம்பித்தபோது வீடு எப்படி இருந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் அதற்கு டிக்ஸ் என்று பேர் சொன்னார். கேட்டதும் உன் அம்மா அழுதாள், நான் பேக்கரியில் ஒரு தட்டு பன்னைக் கருக்கிவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்போது எனக்குத் தைரியம் சொன்னது யார்? நீ. மருந்துக் கடையில் வேலை பார்க்கிற மகள் சொன்னால் அப்பனுக்கு அது வேதவாக்கு. சர்க்கரையை நிறுத்துங்கப்பா, கலர் போட்ட மிட்டாய், பாட்டில் ஜூஸ் எதுவும் கண்ணில் காட்டாதீங்க, பொழுது சாய்ந்தால் டிவி கூடாது, சீக்கிரம் தூங்கட்டும், சாயங்காலம் நடக்கட்டும் என்றாய். மக்னீசியம் மாத்திரையும் மீன் எண்ணெய் மாத்திரையும் பார்சலில் அனுப்பினாய். நான் ரொட்டிக்காரன். அளவு சரியாக இருந்தால் மாவு சரியாக வரும், அது மட்டும்தான் எனக்குத் தெரிந்த படிப்பு. நீ சொன்ன அளவை நான் ஒரு நாள் தப்பவிட்டேனா? சொல்.

உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது, இப்போது தெரிந்துகொள். நான் கேக் மேஜையை விட்டு ரொட்டி அடுப்புக்குப் போனது முதுகு வலியால் இல்லை. சட்டையில் வெனிலா வாசனையோடு வீட்டுக்குப் போனால் பொடிசு மூக்கை உறிஞ்சிக்கொண்டு “இன்னைக்கு என்ன கேக்குப்பா?” என்று கேட்கும், கேட்டுவிட்டுக் கொடுக்க மாட்டேன் என்று தெரிந்து தலையைக் குனிந்துகொள்ளும். அதைப் பார்க்க முடியாமல் முதலாளியிடம் நானே கேட்டு மாறினேன். கிரீமில் பூப் போட இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது என்று பேர் எடுத்தவன், இப்போது அடுப்பு வாயில் நின்று வெந்துகொண்டிருக்கிறேன். மாஸ்டர் சாமியாராகிவிட்டார் என்று பையன்கள் கிண்டல் பண்ணினார்கள். பண்ணட்டும் என்று விட்டேன். அவள் பிறந்தநாளுக்குப் பேரீச்சம்பழமும் வாழைப்பழமும் பிசைந்து ஒரு கேக் செய்தேனே, போட்டோ பார்த்து நீகூட “சூப்பர்ப்பா” என்றாயே, அதை வெட்டக் கத்தி போதவில்லை, ரம்பம்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. அதையும் அவள் சிரித்துக்கொண்டே தின்றாள்.

அப்புறம் குறைய ஆரம்பித்தது. ராத்திரிச் சாப்பாட்டில் அவளை எதிரே உட்கார வைத்து முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் கண் நின்றது, பிறகு தோள், பிறகு தொண்டை. “இன்னைக்கு ஒண்ணுகூட இல்ல!” என்று நான் கத்துவேன், அவளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றுவேன், உன் அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பேக்கரிக்கு வருவோர் போவோரிடம் எல்லாம் சொன்னேன். தினம் ரொட்டி வாங்க வருகிற பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, அவள் பையனுக்கும் இதே தொந்தரவு, நீ சொன்னதை எல்லாம் அவளுக்கு ஒப்பித்து மாத்திரைப் பெயர்கூட எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்து வந்து, “எல்லாம் பண்றேன் மாஸ்டர், இவனுக்குக் குறையவே இல்லையே, நான் எங்க தப்பு பண்றேன்?” என்று கேட்டாள். எங்கேயாவது அளவு தப்பியிருக்கும் என்றேன். பெரிய மேதை மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு.

போன வாரம் மாவு பிசைகிற மெஷின் படுத்துவிட்டது. நாலு மணிக்கே எங்களை அனுப்பிவிட்டார்கள். எப்போதும் கடைப் பையன்தான் ஏப்ரன் மூட்டையை உன் அம்மா வேலை செய்கிற சலவைக் கடையில் கொண்டு போடுவான். சும்மாதானே போகிறோம் என்று நான் தூக்கிக்கொண்டு போனேன். உன் அம்மா பில் போடுகிற இடத்தில் இல்லை, டெலிவரிக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தாள். இஸ்திரி போடுகிறவர் மட்டும் ஆவிக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். பின்னால், பிளாஸ்டிக் உறை போட்டுக் கோட்டுகளை மாட்டி வைத்திருக்கிற கம்பிப் பக்கமிருந்து சத்தம் வந்தது. “ம்க்கும், ம்க்கும்” என்று, விடாமல். யாருக்கு இவ்வளவு இருமல் என்று கேட்டேன். அந்த மனுஷன் இஸ்திரிப் பெட்டியைக்கூட நிறுத்தாமல் சொன்னார், “நம்ம பாப்பாதான் மாஸ்டர். ஸ்கூல் விட்டதும் வந்து கொஞ்ச நேரம் உள்ள நின்னுக்கும். எல்லாத்தையும் இங்க முடிச்சிட்டுத்தானே வீட்டுக்குப் போகணும், அங்க அடக்கிக்கணும்ல?” உங்களுக்குத் தெரியாதா என்று அவர் கேட்கவில்லை. தெரியாமல் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

நான் போய்ப் பார்த்தேன். இரண்டு கோட்டுகளுக்கு நடுவில் பள்ளிக்கூடப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். கண்ணை இறுக்கி இறுக்கித் திறக்கிறாள், தோள் வெட்டுகிறது, தொண்டை ஓயவில்லை, பிளாஸ்டிக் உறையெல்லாம் சலசலவென்று ஆடுகிறது. ஒரு நாள் பூராவும் மூத்திரத்தை அடக்கி வைத்த குழந்தை மாதிரி, அப்படி ஒரு அவசரம். என்னைப் பார்த்தாள். டக்கென்று எல்லாம் நின்றது. நின்றது மட்டுமில்லை பெரியவளே, சிரித்தாள். தினம் ராத்திரி எனக்கு எதிரே உட்கார்ந்து சிரிக்கிற அதே சிரிப்பு.

வீட்டில் உன் அம்மாவைக் கேட்டேன். முதலில் மழுப்பினாள், நான் விடவில்லை, அப்புறம் கொட்டினாள். பனிக்காலத்தில் நான் காய்ச்சலாகப் படுத்திருந்தபோது அவள் மட்டும் பொடிசை டாக்டரிடம் அழைத்துப் போனாள் அல்லவா, அன்றைக்கே டாக்டர் சொல்லிவிட்டாராம். இது வரும், போகும், திரும்ப வரும், நிறையக் குழந்தைகளுக்கு வளர வளரத் தானே குறையும், இனிப்பால் வந்ததில்லை, அந்த மாத்திரைகள் இவளுக்குத் தேவையில்லை, நன்றாகத் தூங்கட்டும், முக்கியமாக யாரும் அதையே உற்று உற்றுப் பார்க்காதீர்கள் என்று. உன் அம்மா உடனே உனக்குப் போன் போட்டிருக்கிறாள். நீ என்ன சொன்னாய்? “அப்பாகிட்ட சொல்லாதம்மா. அவருக்கு அது ஒண்ணுதான் பிடிப்பு. நல்லா இருக்குன்னு நெனச்சிக்கிட்டு இருக்கட்டும்.” இந்த வார்த்தைகள் உன்னுடையவைதானே? இல்லை என்று சொல், உன் அம்மாவை நிறுத்தி வைத்துக் கேட்கிறேன்.

எனக்கே காது குத்தினீர்களே. சொன்னவளே நம்புவதை விட்டுவிட்டு, நம்பியவனை மட்டும் அடுப்பில் விட்டுவிட்டாய். விட்டதோடு போகவில்லை, சந்தேகம் வரக்கூடாது என்று மாத்திரைப் பார்சலையும் தவறாமல் அனுப்பினாய். உன் அம்மா அதைப் பொடிசுக்குக் கொடுக்காமல் கடைக்குக் கொண்டுபோனாள், அங்கே யார் தின்றார்கள் தெரியுமா? இஸ்திரிக்காரர். முட்டி வலிக்குக் கேட்கிறதாம், உனக்கு நன்றி சொல்லச் சொன்னார். அவரே பொடிசுக்கு அவ்வப்போது கிரீம் பன்னும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். எங்கேயிருந்து? என் பேக்கரியிலிருந்து. எனக்குப் பதிலாக வந்தவன் கோணல் மாணலாகக் கிரீம் வைத்த பன்னை, என் மகள், எனக்குத் தெரியாமல், கோட்டுகளுக்குப் பின்னால் நின்று தின்றிருக்கிறாள். இதற்கு நான் சிரிப்பதா அழுவதா? நீயும் உன் அம்மாவும் சேர்ந்து காதும் காதும் வைத்தமாதிரி என்னை ஒரு குழந்தையாக்கி, நிஜக் குழந்தையைப் பெரிய மனுஷியாக்கி வைத்திருக்கிறீர்கள். நான் உடைந்து போவேன் என்று பயந்தாயாம். ஒரு நாள் உடைந்திருப்பேன், மறுநாள் எழுந்து வேலைக்குப் போயிருப்பேன். அவள் எத்தனை சாயங்காலம் அந்த உறைகளுக்குள் மூச்சு முட்டி நின்றாள் என்று யோசித்தாயா? டீச்சரிடம் நேற்று போய் நான் சொன்னது தப்பு, உங்கள் டாக்டர் சொல்கிறபடி நடங்கள், உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் அங்கேயே அழுதாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உன் அம்மாவோடு நான் இன்னும் சரியாகப் பேசவில்லை. அவளும் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை, தண்ணீர் வேண்டுமா என்பதைக்கூடப் பொடிசை விட்டுக் கேட்கிறாள். முந்தாநாள் சாப்பாட்டுக்கு என் தட்டை எடுத்துக்கொண்டு பொடிசுக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் சாப்பிட்டாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே மெதுவாகக் கேட்டாள், “அப்பா, இனிமே இங்கயே பண்ணிக்கவா?” பண்ணிக்கோடா செல்லம் என்றேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்ல வந்தது. பண்ணிக்கொண்டாள். கண், தோள், தொண்டை எல்லாம். நான் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டேன். உன் அம்மா எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டாள், கழுவ ஒன்றும் இல்லை. பொடிசு அன்றைக்கு இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இனி மாத்திரை அனுப்பாதே. போனில் அவளைப் பார்க்கும்போது குறைஞ்சிருக்கே, கூடியிருக்கே என்று எதுவும் சொல்லாதே, பள்ளிக்கூடக் கதை கேள். நேரத்துக்குத் தூங்குவதையும் சாயங்கால நடையையும் நாங்கள் விடவில்லை, அவளுக்கும் பிடித்திருக்கிறது. கேக் மேஜைக்குத் திரும்பிவிட்டேன், கிரீம் பூ இன்னும் கொஞ்சம் கோணலாகத்தான் வருகிறது, பழகிவிடும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபத்தில் இல்லை. நீ போன் பண்ணும்போதெல்லாம் “நல்லா இருக்கேன்ப்பா” என்பாய், சிரிப்பாய். நானும் சந்தோஷமாக வைத்துவிடுவேன். இப்போது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. உன் தங்கைக்கு இந்த வித்தையை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, உனக்கு மட்டும் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? அப்பா தாங்க மாட்டார் என்று அங்கே நீ எதை அடக்கி வைத்திருக்கிறாய்? தொடக்கத்தில் சௌக்கியமா என்று கடமைக்குக் கேட்டேன். இப்போது நிஜமாகவே கேட்கிறேன், சௌக்கியமா அம்மா நீ? உள்ளதை எழுது.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள்.

இன்னும் கோபம் தீராத,
உன் அப்பா